நிழல் தெற்கே விழும் மாதங்கள்

கொழும்பில் அச்சிடப்படும் நோன்புக் கலண்டர் கொழும்புக்குச் சரியானது. எங்கள் ஊருக்கு அது ஏறக்குறைய எட்டு நிமிடம் தள்ளி நின்றது. கல்முனை தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. சூரியன் கொழும்பைவிட எங்களுக்கு முன்னதாக உதிக்கிறது, முன்னதாக மறைகிறது. இது எல்லாருக்கும் தெரியும். எத்தனை நிமிடம் என்பதில்தான் தகராறு. நான் பட்டம் பெற்றுக் கணக்கு ஆசிரியராக ஊருக்குத் திரும்பி, திருமணமாகி மனைவியின் வீட்டில் குடியேறியது ஐம்பதுகளின் நடுவில். அந்த வீட்டுக்கு இரு பக்கமும் இரண்டு பள்ளிவாசல்கள். ஒன்று கலண்டரிலிருந்து பத்து நிமிடத்தைக் கழித்துத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னது, மற்றது ஆறு நிமிடத்தை. நோன்பு மாலைகளில் முதல் பாங்கு கேட்டதும், நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்த நாங்கள், வாயில் வைப்பதா, மற்றப் பாங்கு வரும்வரை பொறுப்பதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

கணக்குப் படித்தவன் இருக்கும் வீட்டில் இப்படி நடப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பாடசாலை விடுமுறையில் மடக்கை அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு, எங்கள் ஊருக்கென்றே தொழுகை நேரங்களைக் கணிக்க உட்கார்ந்தேன். விடுமுறை முடியும்போது ஒரே ஒரு மாதம் முடிந்திருந்தது. திரும்பச் சரிபார்த்தபோது அதிலும் இரண்டு நாட்களில் பிழை. ஒரு வருடத்துக்கான அட்டவணையை இப்படி எழுதி முடித்து, அதை நானே நம்புவதற்கு என் ஆயுளில் நிறைய விடுமுறைகள் வேண்டியிருக்கும் என்று தெரிந்தது.

இந்தச் சலிப்பை நான் இங்கிலாந்தில் இருந்த நண்பனுக்குக் கடிதத்தில் எழுதினேன். அவன் பெரியநீலாவணைக்காரன், மீன்பிடிக் குடும்பம். பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம்வரை ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். பட்டம் பெற்றதும் நான் ஊருக்கு வந்தேன், அவன் மேற்படிப்புக்குக் கப்பலேறினான். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில், கணக்குச் செய்யும் யந்திரம் ஒன்றோடு அவனுக்கு வேலை. இன்றைக்குக் கணனி என்கிறோம். அப்போது எனக்கு அது அவனுடைய கடிதங்களில் மட்டும் இருந்த பொருள்: ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நிற்கும், அலுமாரிகளுக்குள் கண்ணாடிக் குமிழ்கள் சிவந்து எரியும், காகித நாடாவில் துளைகளாகக் கட்டளையைக் கொடுத்தால் விடையைத் தட்டச்சு அடித்துக் கொடுக்கும்.

அவனுடைய பதில் இரண்டு கிழமையில் வந்தது. அந்த வேலையை யந்திரத்திடம் கொடுக்கலாம், சனிக்கிழமை காலைகளில் தனக்கு யந்திரம் கிடைக்கிறது, பேராசிரியரிடமும் கேட்டாயிற்று என்று எழுதியிருந்தான். கூடவே ஒரு நிபந்தனை. சூத்திரம் எதையும் அனுப்பாதே. முதலில் உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. அதை எப்படிச் செய்வது என்று பிறகு பார்ப்போம் என்றான்.

என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். தொழுகை நேரம் வேண்டும். அரைப் பக்கத்தில் எழுதி, அனுப்புவதற்கு முன் ஒரு மரியாதைக்காகப் பள்ளிவாசல் லெப்பையிடம் காட்டப் போனேன். தொழுகை நடத்துபவர் அவர்தான். அவர் அந்த அரைப் பக்கத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை. இருக்கச் சொன்னார். கணக்கில் நிமிடத்துக்கு மிச்சமாக விநாடிகள் வருமே, அதை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். முப்பதுக்கு மேலே போனால் கூட்டுவோம், கீழே என்றால் விட்டுவிடுவோம், பாடசாலையில் அப்படித்தான் என்றேன்.

"பள்ளிக்கு அது சரிவராது மாஸ்டர்," என்றார். "மஃரிபு ஒரு நிமிசம் பிந்தினாப் பறவாயில்ல. முந்தினா ஊருட நோன்பு போயிரும். சஹருக்கு அது மறுபக்கம். அங்க பிந்தப்படா."

மஃரிபு என்றால் சூரியன் மறைந்து நோன்பு திறக்கும் நேரம், சஹர் என்றால் விடியலுக்கு முன் நோன்பு பிடிக்கச் சாப்பிடுவது. சஹர் முடிவிலும் சூரிய உதயத்திலும் மிச்ச விநாடிகளை எப்போதும் வெட்டிவிட வேண்டும், மற்ற நேரங்களில் எல்லாம் ஒரு முழு நிமிடமாகக் கூட்ட வேண்டும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத இந்த விதி இல்லாமல் அந்த அட்டவணையை ஊரில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து அரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன்.

பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்தவர்கள் நோன்பு மாதத்துக்கு மட்டும் போதும் என்றார்கள். நோன்பு வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. இந்த வருடத்து மாதத்துக்குப் போட்டால் அடுத்த வருடம் உதவாது. முழு வருடத்துக்கும் ஒரு தடவை போட்டுவிட்டால் நோன்பு எந்த மாதத்தில் வந்தாலும் அதே அட்டவணைதான் என்று விளக்கினேன். ஒத்துக்கொண்டார்கள். சுபஹு என்ற வைகறைத் தொழுகை நேரத்துக்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்பதில் புத்தகங்கள் ஒன்றுபடவில்லை. அதனால் நானும் மோதினாரும் பத்து நாட்கள் விடியலுக்கு முன்பே கடற்கரைக்குப் போனோம். கடலின் விளிம்பில் வெள்ளை நூல் போல வெளிச்சம் பரவும் நிமிடத்தைக் குறித்துவந்தோம்.

மோதினார் என்றால் பாங்கு சொல்பவர். இவர் என் வயதுக்காரர், குர்ஆன் படித்த ஓதப்பள்ளியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கொஞ்சக் காலம் கரைவலை இழுத்துவிட்டுப் பள்ளிவாசல் வேலைக்கு வந்தார். பள்ளி முற்றத்தில் ஒரு முழக் கம்பு நட்டுவைத்திருந்தார். நண்பகலில் அதன் நிழல் எவ்வளவு என்று கோடு போடுவார். அந்த நிழலோடு கம்பின் நீளமும் சேரும் அளவுக்கு நிழல் வளர்ந்தால், பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பாங்கு. இதையும் என் பத்திரத்தில் எழுதிக்கொண்டேன். கடைசியில் அது ஆறு பக்கமானது.

நண்பன் அந்த ஆறு பக்கத்தையும் மெச்சி எழுதினான். தன்னுடைய யந்திரக் கூடத்துக்கு வருகிற பௌதிகக்காரர்கள்கூட இப்படித் தெளிவாக எழுதித் தருவதில்லையாம். அதன் பிறகுதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. எந்த மொழியில் எழுதுவது என்பது பற்றி.

அவன் சொன்னபடி இரண்டு வழி இருந்தது. ஒன்று யந்திரத்தின் சொந்த மொழி. அதில் முழுக்க எண்கள்தான். ஒரு கூட்டலுக்கு ஓர் எண், அதை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதற்கு ஓர் எண், என்று அணுவணுவாகச் சொல்ல வேண்டும். ஆனால் யந்திரம் அதில் பறக்கும். மற்றது புதிதாக வந்திருந்த ஒரு சுருக்க மொழி, ஓட்டோகோட் என்றார்கள். அதில் அட்சர கணிதத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்து எழுதுவதுபோல வரி வரியாக எழுதலாம். யந்திரமே அதைத் தன் எண்களாக மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும், வேலையும் மெதுவாக நடக்கும். நண்பனுக்கு முதல் மொழியில் நல்ல கைத்திறன் இருந்தது. நீ சூத்திரத்தைத் தா, நான் யந்திரத்தின் மொழியில் அழகாக எழுதிவிடுகிறேன், பாதி நேரத்தில் முடியும் என்றான். சோம்பேறிகளின் மொழி என்று மற்றதைக் கேலியும் செய்தான்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு நான் எழுதிய கடிதத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. யந்திரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது எங்கள் ஊருக்கு முக்கியமில்லை. பிழை என்று ஒருவர் சொன்னால், எந்த வரியில் பிழை என்று இங்கே இருந்து நான் பார்க்க வேண்டும். எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதினதை நான் எந்த முகத்தோடு பள்ளியில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று எழுதியிருக்கிறேன். இன்னொன்றும் கேட்டேன். கல்முனையின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கணக்குக்குள்ளே எல்லா இடத்திலும் கரைத்துவிடாமல், தலைப்பில் இரண்டு எண்களாகத் தனியே வைக்க வேண்டும் என்றேன். அதுவும் நேரத்தை வீணாக்கும் என்று முணுமுணுத்தான். ஆனாலும் சுருக்க மொழிக்கான கையேட்டை விமானத் தபாலில் அனுப்பிவைத்தான். ஊதா மையில் பிரதியெடுத்த, ஓரம் மடங்கிய முப்பது தாள்கள்.

அந்தத் தாள்களிலிருந்துதான் நான் அந்த மொழியைக் கற்றேன். யந்திரத்தின் படத்தைக்கூட அதுவரை நான் பார்த்ததில்லை. பாடசாலை விட்டு வந்து, தேநீர் குடித்துவிட்டு, கட்டம் போட்ட கொப்பியில் எழுதுவேன். கோசைனிலிருந்து கோணத்தைத் திரும்ப எடுக்கும் கட்டளை அந்த மொழியில் இல்லை, தான்சனுக்கு மட்டும் இருந்தது. அதைச் சுற்றிவர மூன்று வரி கூடுதலாக எழுதினேன். மூன்று கிழமையில் முழுவதும் எழுதி முடிந்தது.

சரிபார்க்க யந்திரம் இல்லை. அதனால் மனைவி யந்திரமானாள். அவள் தமிழ் நன்றாக வாசிப்பாள். வீட்டில் வைத்து அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்துவந்தாள். ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும், சொந்தமாக எதையும் நினைக்கக் கூடாது என்பது விதி. கணக்கு வரும் இடத்தில் விடையை நான் சொல்வேன், அவள் அதை உரிய கட்டத்தில் எழுதுவாள். ஜனவரி ஒன்றாம் திகதியின் கணக்கு முடிந்தது. மறுபடி முதல் வரிக்குப் போனாள். மறுபடியும் ஜனவரி ஒன்றையே செய்தாள். மூன்றாம் தடவை நான் பொறுமை இழந்து, அடுத்த நாளுக்குப் போகலாமே என்றேன்.

"நீங்க எழுதினதத்தான் செய்யிறன்," என்றாள். "அடுத்த நாளுக்குப் போ எண்டு எங்க எழுதியிருக்கி?"

எழுதியிருக்கவில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். அவள் இல்லாவிட்டால், இங்கிலாந்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்த யந்திரம் ஜனவரி ஒன்றாம் திகதியைக் கணித்துக்கொண்டே இருந்திருக்கும்.

சூரியன் வடக்கும் தெற்குமாகப் போய்வருவதற்கான தினசரி எண்களைத் தன் நூலகத்துப் புத்தகத்திலிருந்து எடுத்து நாடாவில் அடித்துக்கொள்வதாக நண்பன் சொல்லியிருந்தான். கொப்பியைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மாரி மழை பெய்து, வயலெல்லாம் பச்சை பிடித்து, ஜனவரி பிறந்த பிறகு ஒரு பருத்த உறை வந்தது. உள்ளே நீளமாக மடித்த தாள். நாளுக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு நேரங்கள். முழு வருடமும் இருந்தது. தாளின் மேலே நண்பன் பென்சிலால், முதல் தடவையிலேயே ஓடிவிட்டது, இங்கே யாரும் நம்பவில்லை என்று எழுதியிருந்தான்.

அன்றைய மாலை நான் நடந்த நடை எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைத்தெருவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் ஸலாம் சொன்னேன். அடுத்த பத்து நாட்கள் மோதினாரின் கம்பையும் என் கைக்கடிகாரத்தையும் வைத்துச் சோதித்தோம். உதயத்தைக் கடற்கரையில் பார்த்தோம், மறைவை வயல் வெளியில் பார்த்தோம். நிமிடம் பிசகவில்லை. நோன்புக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. நிருவாகத்தார் அட்டவணையைச் சட்டம் போட்டு மாட்ட ஆள் பார்த்துவிட்டார்கள்.

அப்போதுதான் மோதினார் ஒருநாள் லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பிறகு, அந்த மடித்த தாளை முழுவதும் விரித்துப் பள்ளி விறாந்தையில் போட்டு, குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் சோதித்தது ஜனவரி நாட்களை. அவர் தாளின் நடுப்பகுதிக்குப் போயிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், ஜூன் மாசத்தில ரெண்டே காலுக்கு அஸர் எண்டு போட்டிருக்கி. அந்த நேரம் நான் கம்பப் பாத்திருக்கன். கம்பளவு நிழல்கூட வராது."

நான் குனிந்து பார்த்தேன். ஏப்ரல் தொடக்கம்வரை எல்லாம் ஒழுங்கு. பிறகு அஸர் நேரம் நாளுக்கு நாள் முன்னால் வழுக்கிக்கொண்டே போய், ஜூனில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே தவறி நின்றது. செப்டெம்பரில் தானாகவே சரியாகியிருந்தது. மற்ற நேரங்களில் பிழையே இல்லை. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவரிடம் அந்த மாதங்களில் நிழல் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

அவர் முற்றத்துக்குப் போய்க் கம்பின் அடியில் விரலால் காட்டினார். தை மாதத்தில் நண்பகல் நிழல் வடக்கே ஒரு சாண். சித்திரையில் நிழலே இல்லாமல் போகும் நாட்கள் வரும். ஆனியில் ஏழு விரல் நீளம் இருக்கும். "ஆனா அது தெற்கால விழும்," என்றார். "உண்ட மிசினுக்கு அது தெரியாதா?"

யந்திரத்துக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் கொப்பியை எடுத்தேன். நண்பகல் நிழலுக்கான சூத்திரத்தை நான் ஒரு ஆங்கிலப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதியிருந்தேன். அந்தப் புத்தகத்தை எழுதியவரின் ஊரில் சூரியன் ஒருநாளும் தலைக்கு மேலே வராது. அவருடைய நிழல் வருடம் முழுவதும் வடக்கேதான் விழும். எங்கள் ஊரில் சூரியன் எங்களைத் தாண்டி வடக்கே போய் ஐந்து மாதம் தங்கிவிட்டு வருகிறது. அந்த மாதங்களில் என்னுடைய பதினேழாம் வரி, நிழலின் நீளத்தைப் பூச்சியத்துக்குக் கீழே கொண்டுபோயிருந்தது. கம்பின் நீளத்தோடு கூட்ட வேண்டியதை யந்திரம் கழித்திருந்தது. கொப்பியைத் திறந்து அந்த வரியில் விரல் வைக்க எனக்குக் கால் மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை.

அதை லெப்பையிடம் சொன்னபோது, நோன்பு மாதம் ஏப்ரலுக்குள் முடிந்துவிடுகிறது, மஃரிபும் சஹரும் சரியாகத்தானே இருக்கின்றன, அஸரை மட்டும் மறைத்து மாட்டலாமா என்று நிருவாகத்தில் ஒருவர் கேட்டார். எனக்கு மனம் இடம் தரவில்லை. ஆறு நிரலில் ஒன்று பிழை என்று தெரிந்த தாளை ஊர் நம்பாது, நானும் நம்பமாட்டேன். லெப்பையும் அப்படியே சொன்னார். நோன்புக்கு முன் சரியான தாள் வந்தால் மாட்டுவோம், வராவிட்டால் அடுத்த வருடம் என்று முடிவானது.

கடிதம் போய்ச் சேர்வதற்கும் பதில் வருவதற்கும் ஆகும் நாட்களை எண்ணிப் பார்த்தேன். நண்பனுக்கு யந்திரம் கிடைக்கும் சனிக்கிழமையையும் சேர்த்தால் சரிக்குச் சரியாக இருந்தது. ஒரு தபால் தவறினால் போச்சு. தபாற்கந்தோருக்குப் போய்த் தந்தி எழுதினேன். பதினேழாம் வரிக்குப் பின் ஒரு வரி சேர், நண்பகல் நிழல் பூச்சியத்துக்குக் கீழே போனால் குறியை மாற்று. அவ்வளவுதான். தந்தி எழுதுவினைஞர் அதை இரண்டு தரம் வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். வெளிநாட்டுத் தந்தியில் இரகசியக் குறிப்பு எதுவும் இருந்தால் மேலிடத்துக்குத் தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். பள்ளியின் தொழுகை நேரக் கணக்கு என்று விளக்கினேன். நிழல் எப்படிப் பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று அவர் கேட்டார். அந்த மேசையின் முன்னே நின்று, ஒரு பென்சிலைக் குத்தென நிறுத்திப் பாடம் நடத்திய பிறகுதான் தந்தி போனது.

மறு கிழமை பதில் தந்தி வந்தது. சேர்த்தேன், ஓடியது, தபாலில் வருகிறது.

தாள் வந்தபோது நோன்புக்கு ஒன்பது நாள் இருந்தது. உறைக்குள் ஒரு கடிதமும் இருந்தது. அதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். இதை என் எண் மொழியில் எழுதியிருந்தால் நீ இந்தப் பிழையைக் கண்டே இருக்க மாட்டாய், நான் கண்டுபிடிக்க ஒரு மாதம் சென்றிருக்கும். உன்னுடைய தந்தியை இங்கே எல்லாருக்கும் காட்டினேன், யந்திரத்தைக் கண்ணால் காணாத ஒருவன் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து அதைத் திருத்தினான் என்று சொன்னேன் என்று எழுதியிருந்தான். சோம்பேறிகளின் மொழி பற்றி அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. மோதினாரிடம் ஜூன் மாதத்தைக் காட்டினேன். அஸர் மூன்றரை தாண்டி இரண்டு நிமிடம். அவர் தலையை ஆட்டிவிட்டு, இப்போது மிசினுக்குத் தெற்கு தெரிந்துவிட்டது என்றார்.

யந்திரத்தின் தாளை அப்படியே மாட்ட முடியாது. அதில் வெறும் எண்கள்தான். தலைப்புகளோடு பெரிதாக எழுத வேண்டும். நான் தமிழில் எழுதத் தொடங்கினேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதப் பாக்கிறது ஆரு?" என்று கேட்டாள்.

பள்ளிக்கு வருகிறவர்கள் என்றேன். சஹருக்கு எழும்பிச் சோறாக்குவது யார், வீட்டில் எல்லாரையும் எழுப்புவது யார் என்று கேட்டாள். எங்கள் பெண்களில் பலருக்கு அப்போது தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழை அறபு எழுத்தில் எழுதும் அறபுத்தமிழை வாசிப்பார்கள். அதனால் தலைப்புகளை அறபுத்தமிழில் எழுத வேண்டும் என்றாள். எண்களையும் அறபில் எழுதலாமா என்று கேட்டேன். அது கூடாதாம். மணிக்கூட்டில் இருக்கும் எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் எழுத்துத் தெரியாத ஆளுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்றாள். இதை நான் யோசித்திருக்கவே மாட்டேன். நிரல்களை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதில் எங்களுக்குள் அரை நாள் இழுபறி. அறபு வலமிருந்து வரும், தமிழ் இடமிருந்து. ஒரே தாளில் இரண்டும் இருந்தால் முதலில் இருக்கும் சுபஹுவைப் பார்க்கப் போனவர் கடைசியில் இருக்கும் இரவுத் தொழுகை இஷாவைப் பார்த்துவிடுவார். கடைசியில் இரண்டு விதமாக எழுதினோம். பள்ளிக்குத் தமிழில் நான் எழுதினேன். வீடுகளுக்கு அறபுத்தமிழில் அவள், நோன்பு மாதத்து நாட்களை மட்டும் எடுத்து எழுதினாள். அவளிடம் ஓத வந்த பெண்பிள்ளைகள் அதைப் பார்த்துத் தங்கள் வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று என்று பிரதி எழுதினார்கள். ஒவ்வொரு பிரதியையும் அவள் விரல் வைத்து வரி வரியாகச் சரிபார்த்த பிறகுதான் வெளியே போகவிட்டாள்.

லெப்பை ஒரு பிரதியோடு மற்றப் பள்ளிவாசலுக்குத் தானே நடந்து போனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. முதல் நோன்பன்று மாலை, வீட்டு வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரு பக்கத்துப் பாங்கும் ஒன்றாக எழுந்தன. இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததில் சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. உள்ளே மனைவி சிரித்த சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் கணக்குப் படித்ததற்காக மிகவும் பெருமைப்பட்ட நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். பட்டமளிப்பு நாள்கூட அதற்கு அடுத்த இடம்தான்.

அடுத்த வருடம் அக்கரைப்பற்றிலிருந்து கேட்டு வந்தார்கள். பிறகு மேற்குக் கரையில் வியாபாரம் செய்யும் ஒருவர் புத்தளத்துக்கு வேண்டும் என்றார். இரண்டுக்கும் தலைப்பில் இருந்த இரண்டு எண்களை மட்டும் மாற்றச் சொல்லி நண்பனுக்கு எழுதினேன். புத்தளத்துக்கான தாளை அவன் அனுப்பியபோது, கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது என்னுடைய கொப்பியைத்தான் முதல் உதாரணமாகக் காட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தான். அந்த வரியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கொப்பியில் அடுத்த நாளுக்குப் போ என்ற வரி யாருடையது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டாள். அன்றைக்கே உட்கார்ந்து நண்பனுக்கு அதையும் எழுதினேன்.

அவன் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, அவனுடைய தாய் கொடுத்துவிட்ட கருவாட்டுப் பொதியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். பையிலிருந்து தகரப் பேணி ஒன்றை எடுத்து மனைவியின் கையில்தான் கொடுத்தான், என் கையில் அல்ல. உள்ளே சுருட்டிய காகித நாடா. முற்றத்தில் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, அவன் விரித்துக்கொண்டே வேலிவரை போனான். நடுவில் ஓர் இடத்தில் பென்சிலால் சிறிய கோடு போட்டிருந்தது. அதுதான் அவளுடைய வரி என்றான். அவள் குனிந்து, அந்தத் துளைகளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். ஐந்தாறு துளைகள்தான். இவ்வளவுதானா என்று கேட்டாள். ஓம், இவ்வளவுதான் என்றான் அவன். அவள் நாடாவைக் கசங்காமல் சுருட்டி, தான் குர்ஆன் வைக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, எங்களுக்குத் தேநீர் ஊற்றப் போனாள்.